மூன்று வாரம் பிந்தி வரும் எண்: பெருந்தொற்றுக் கால அரசை நாடகமாக்கும்போது எங்கே சறுக்குகிறது?

2020 பிப்ரவரி 18. பிரிட்டன் அரசுக்கு ஆலோசனை சொல்லும் அறிவியலாளர் குழு அன்று கூடியது. கூட்டக் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது. பொதுச் சுகாதார அமைப்பால் இப்போதைக்கு வாரத்துக்கு 5 கொரோனா நோயாளிகளைத்தான் சமாளிக்க முடியும். அந்த ஐவருக்காக 800 பேரைத் தேடித் தனிமைப்படுத்த வேண்டும். முயன்றால் 50 நோயாளிகள், 8,000 பேர் வரை போகலாம்.

ஆறரைக் கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாட்டில், வாரத்துக்கு 5. அடுத்த மூன்று மாதங்களில் நடந்த பலவற்றுக்கும் வேர் இந்த வரியில் இருக்கிறது. நோயாளிகளைத் தேடிப் பிடிக்கும் முறை சில வாரங்களிலேயே முறிந்துவிடும் என்பதை அது அன்றே சொல்லிவிட்டது. ஆனால் இதை எப்படிப் படமெடுப்பது? நீள மேசை, தண்ணீர்க் குவளைகள், தட்டச்சு செய்த தாள். யாரும் குரலை உயர்த்தவில்லை, யாரும் கதவை அறைந்துவிட்டு வெளியேறவில்லை.

பெருந்தொற்றை ஓர் அரசு கையாண்ட விதத்தை நாடகமாக்க வருகிறவர்களுக்கு முதல் இடைஞ்சல் இதுதான். முடிவு எடுக்கப்படும் அறையில் கேமராவுக்கு வேலை இல்லை. கேமராவுக்கு வேலை இருக்கும் வார்டில், முடிவெடுத்தவர் இல்லை. இரண்டுக்கும் நடுவே மூன்று வார இடைவெளி வேறு இருக்கிறது.

பிரிட்டனில் இந்த இடைஞ்சலோடு நேருக்கு நேர் மோதிய தொடர் 'திஸ் இங்கிலாந்து'. ஆறு பாகங்கள். மைக்கேல் விண்டர்பாட்டம் உருவாக்கி, கீரன் குவர்க்குடன் சேர்ந்து எழுதியது. பிரதமர் போரிஸ் ஜான்சனாக கென்னத் பிரானா நடித்தார். 2022 செப்டம்பர் 21இல் ஒளிபரப்பாகியிருக்க வேண்டியது, ராணி எலிசபெத்தின் மறைவால் ஒரு வாரம் தள்ளிப்போய் 28ஆம் தேதி ஸ்கை அட்லாண்டிக்கில் வந்தது. அதற்கு மூன்று வாரம் முன்புதான் ஜான்சன் பதவியை விட்டு இறங்கியிருந்தார். அதற்கு ஓராண்டு முன்பு சேனல் 4 ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தின் கதையை 'ஹெல்ப்' என்ற பெயரில் காட்டியிருந்தது. 2024 பிப்ரவரியில் ஐ.டி.வி. ஒரு மருத்துவமனையின் கதையை 'பிரெத்டேக்கிங்' என்ற பெயரில் மூன்று இரவுகளில் காட்டியது. மூன்றும் ஒரே அரசின் ஒரே காலத்து முடிவுகளைப் பற்றியவை. ஒன்று மேலிருந்து பார்க்கிறது, மற்ற இரண்டும் கீழிருந்து. மேலிருந்து பார்த்ததைவிடக் கீழிருந்து பார்த்த இரண்டும்தான் அரசு எப்படி இயங்கியது என்பதைத் தெளிவாகச் சொல்கின்றன என்பது என் கருத்து. காரணத்தைப் பார்ப்போம்.

யார் எங்கே உட்கார்ந்து முடிவெடுத்தார்கள்

நாடகத்தைப் புரிந்துகொள்ள நான்கு அறைகள் தெரிந்தால் போதும். முதலாவது, பத்திரிகைகள் 'கோப்ரா' என்று எழுதும் நெருக்கடிக் கூட்டம். பாம்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. அமைச்சரவை அலுவலகத்தின் விளக்க அறைகள் என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அவை. இரண்டாவது, அறிவியலாளர் குழு. இது ஆலோசனை மட்டுமே சொல்லும், உத்தரவு போடாது. மூன்றாவது, தொற்று எப்படிப் பரவும் என்று அந்தக் குழுவுக்குக் கணக்குப் போட்டுத் தரும் மாதிரியாளர்களின் துணைக்குழு. நான்காவது, டவுனிங் தெரு 10ஆம் எண் வீட்டில் பிரதமரும் அவருடைய நெருங்கிய ஆலோசகர்களும் பேசிக்கொள்ளும் அறைகள். சட்டப்படி எந்த அதிகாரமும் இல்லாத இந்த நான்காவது இடத்தில்தான் பல முடிவுகள் உண்மையில் உருவாயின.

கொரோனாவுக்கான முதல் நெருக்கடிக் கூட்டம் 2020 ஜனவரி 24இல் சுகாதார அமைச்சர் மேட் ஹான்காக் தலைமையில் நடந்தது. முதல் ஐந்து கூட்டங்களுக்குப் பிரதமர் வரவில்லை. மார்ச் 2இல்தான் முதன்முதலாகத் தலைமை தாங்கினார். நாடக ஆசிரியருக்கு இது பெரிய தலைவலி. வந்தவரைக் காட்டலாம், வராதவரை எப்படிக் காட்டுவது? காலி நாற்காலியைக் காட்டினால் பார்ப்பவருக்கு உறைக்காது. அதனால் அந்த நேரத்தில் அவர் வேறெங்கே, என்ன செய்துகொண்டிருந்தார் என்று காட்டத் தொடங்குவார்கள். ஜனவரி 31 இரவு 11 மணிக்கு நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுகிறது. நாட்டின் முதல் இரண்டு நோயாளிகள் யார்க் நகரில் உறுதியானதும் அதே நாளில்தான். பிப்ரவரி 13இல் அமைச்சரவை மாற்றம், நிதியமைச்சர் சஜித் ஜாவித் விலகல், ரிஷி சுனக் வருகை. இவையெல்லாம் நல்ல காட்சிகள். ஆனால் இவற்றைக் காட்டக் காட்ட, இல்லாமையைச் சொல்லப் புகுந்த நாடகம் மெல்ல அந்த மனிதரின் வாழ்க்கைக் கதையாக மாறிவிடுகிறது.

மார்ச் 3ஆம் தேதியில் ஒரு காட்சி எழுதப்படாமலே இருக்கிறது. மருத்துவமனையில் எல்லோரோடும் கைகுலுக்கினேன், இனியும் குலுக்குவேன் என்று பிரதமர் அன்று செய்தியாளர்களிடம் சொன்னார். நடத்தை அறிவியல் ஆலோசகர்கள் கைகுலுக்குவதைத் தவிர்க்குமாறு மக்களுக்கு அரசு அறிவுறுத்த வேண்டும் என்று எழுதிய தாளின் தேதியும் அதுவே. இரண்டும் பொது ஆவணங்கள். ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் போதும், ஒரு வசனமும் வேண்டாம்.

இரட்டிப்புக் கணக்கும் எடிட்டிங் மேசையும்

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். தொற்று உடலில் நுழைந்து அறிகுறி தெரியச் சுமார் 5 நாள் ஆகும். மோசமாகி மருத்துவமனைக்குப் போக இன்னும் ஒரு வாரம் பிடிக்கும். இறப்பவர்களில் பலருக்கு அதற்கு மேலும் ஒரு வாரம் போகும். ஆக, இன்று இறப்பவர் ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு முன்பு தொற்றியவர். இன்று அரசு எடுக்கும் முடிவின் பலன் மூன்று வாரம் கழித்துத்தான் இறப்பு எண்ணிக்கையில் தெரியும்.

இதோடு இரட்டிப்பைச் சேர்க்க வேண்டும். மார்ச் 16ஆம் தேதிக் கூட்டக் குறிப்பு, தொற்று 5 முதல் 6 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பதாகச் சொல்கிறது. மார்ச் 23ஆம் தேதிக் குறிப்பு, தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளின் எண்ணிக்கை 3 முதல் 4 நாளில் இரட்டிப்பதாகச் சொல்கிறது. வித்தியாசம் சிறிதாகத் தெரியலாம். போட்டுப் பாருங்கள்: இன்று 1,000 பேருக்குத் தொற்று என்றால், 6 நாள் இரட்டிப்பில் 12 நாள் கழித்து 4,000. 3 நாள் இரட்டிப்பில் அதே 12 நாளில் 16,000. தயாராக இன்னும் இவ்வளவு நாள் இருக்கிறது என்று நினைத்தவர்களுக்கு உண்மையில் அதில் பாதிதான் இருந்தது.

இப்போது எடிட்டரின் மேசைக்கு வாருங்கள். தொலைக்காட்சி நாடகத்தின் வழக்கமான உத்தி, ஒரே நேரத்தில் இரண்டு இடங்களை மாறி மாறிக் காட்டுவது. மார்ச் 12 மாலை, பிரதமர் மேடையில் நின்று பல குடும்பங்கள் தங்கள் அன்புக்குரியவர்களை இழக்கப் போகின்றன என்று சொல்கிறார். வெட்டு. அதே மாலை, ஒரு வார்டு. மூச்சுத் திணறும் நோயாளி. பார்ப்பவர் மனம் உடனே முடிச்சுப் போட்டுவிடும்: இவர் அப்படிச் சொன்னதால் அவருக்கு இப்படி ஆயிற்று. ஆனால் அந்த வார்டில் கிடப்பவர் பிப்ரவரி கடைசியில் தொற்றியவர். மார்ச் 12 முடிவின் விளைவு மார்ச் கடைசியில்தான் அந்த வார்டுக்கு வரும். நாள் குறிப்பு எழுத்து திரையில் சரியாக இருந்தாலும், அடுத்தடுத்து வைத்த வெட்டு தவறான காரண காரியத்தைச் சொல்லிவிடுகிறது.

இதைச் சரிசெய்ய வழி உண்டு. முடிவுக் காட்சியை ஓர் எபிசோடிலும் அதன் விளைவை அடுத்த எபிசோடிலும் வைக்க வேண்டும். பார்ப்பவர் முதலாவதை மறந்துவிடாமல் இருக்க, ஒரு முகத்தையோ தாளையோ இரண்டிலும் கொண்டுபோக வேண்டும். சுலபமான வழி பிரதமரின் உடலே. மார்ச் 23 இரவு ஊரடங்கை அறிவித்தவருக்கு 27இல் தொற்று உறுதியானது. ஏப்ரல் 5இல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சேர்ந்தார், 6இல் தீவிர சிகிச்சைப் பிரிவு, 9இல் அங்கிருந்து வெளியே, 12இல் வீடு. அரசு எவ்வளவு பிந்தியது என்பதை அரசின் தலைவருடைய நோய்ப் போக்கே படம்போட்டுக் காட்டுகிறது. இங்கிலாந்தில் மருத்துவமனை இறப்புகள் உச்சம் தொட்டதும் ஏப்ரல் 8ஆம் தேதி வாக்கில், அதாவது அவர் அந்தப் படுக்கையில் இருந்த நாள்களில்தான்.

சிக்கலும் அங்கேயே இருக்கிறது. நோயுற்ற மனிதரைக் கேமரா நெருங்கினால், பார்ப்பவர் இரங்குவார். அது மனித இயல்பு. அந்த வாரத்தில் நாட்டின் மிகப் பெரிய துயரம் எதுவோ அது பின்னணிக்குப் போய், ஓர் ஆள் பிழைப்பாரா என்ற கேள்வி முன்னுக்கு வந்துவிடுகிறது. 'திஸ் இங்கிலாந்து' வந்தபோது ஜான்சன் மீது அளவுக்கு மீறிய பரிவு காட்டுவதாகப் பலர் குறைசொன்னார்கள். எழுதியவர்கள் வேண்டுமென்றே செய்ததாக நான் நினைக்கவில்லை. செயற்கை முடி, ஒப்பனை, குரல், நடை என்று ஒரு பெரிய நடிகர் ஒரு முகத்தை இவ்வளவு உழைத்து உருவாக்கினால், கதை தன்பாட்டில் அந்த முகத்தைச் சுற்றி வரும். தலைப்பு ஷேக்ஸ்பியரின் 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தில் சாகக் கிடக்கும் ஜான் ஆஃப் காண்ட் பேசும் பகுதியிலிருந்து வந்தது. நாட்டைப் புகழும் வரிகள் என்றே பலரும் அதை மேற்கோள் காட்டுவார்கள். தொடர்ந்து படித்தால், அந்த நாடு குத்தகைக்கு விடப்பட்டுவிட்டதே என்ற புலம்பலில் போய் முடியும். தலைப்பைத் தேர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

ஒவ்வொரு வசனத்துக்கும் ஓரக்குறிப்பு

உயிரோடிருக்கும் அரசியல்வாதிகளைப் பெயரோடு காட்டும் திரைக்கதை சாதாரணத் திரைக்கதை அல்ல. ஒவ்வொரு காட்சிக்கும் ஓரத்தில் எண் போட்டு, எந்த ஆதாரத்திலிருந்து வந்தது என்று எழுதிவைப்பார்கள்; வழக்கறிஞர் அதை வரிவரியாகப் படிப்பார். இங்கிலாந்தின் அவதூறுச் சட்டத்தில், சொன்னது உண்மைதான் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு சொன்னவருடையது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், வழக்குத் தொடுப்பவர் தன் பெயருக்குக் கடுமையான கேடு வந்ததைக் காட்ட வேண்டும் என்று ஒரு வாசலை வைத்தது. ஆனால் ஒரு பெருந்தொற்றில் பலர் சாகக் காரணமானார் என்று சொன்னால் அந்த வாசலைத் தாண்டுவது அவருக்குக் கடினமாக இருக்காது.

ஆதாரங்கள் மூன்று தரம். முதல் தரம், பதிவில் இருப்பது: செய்தியாளர் கூட்டம், நாடாளுமன்றப் பேச்சு, கூட்டக் குறிப்பு, வெளியிட்ட கடிதம். இதை அப்படியே வைக்கலாம். இரண்டாம் தரம், அறையில் இருந்த ஒருவர் மட்டும் சொல்வது. இங்கே சொல்பவரின் கணக்கு என்ன என்று பார்க்க வேண்டும். பிரதமரின் தலைமை ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ் 2021 மே 26இல் நாடாளுமன்றக் குழு முன் மணிக்கணக்கில் சாட்சியம் சொன்னார். 2020 மார்ச் 13இல் எழுதிய வெள்ளைப் பலகையின் படத்தையும் வெளியிட்டார். 'யாரை நாம் காப்பாற்றப் போவதில்லை?' என்ற கேள்வி அதில் கையெழுத்தில் இருக்கிறது. பலகை உண்மை. அதைச் சுற்றி அவர் சொன்ன கதை, அந்த அறையில் விழித்துக்கொண்டவர் தான்தான் என்று காட்டும் கதை. நாடகம் பலகையை எடுத்துக்கொள்ளும்போது அந்தக் கதையும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மூன்றாம் தரம், கற்பனை: படுக்கையறைப் பேச்சு, கனவு, தனிமை. சட்டப்படி பார்த்தால் மூன்றில் ஆபத்துக் குறைந்தது இதுதான். பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, பெயருக்குக் கேடும் இல்லை. ஆதலால் ஆதாரம் தீர்ந்த இடமெல்லாம் திரைக்கதை கனவுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் ஒதுங்கும். இந்த வகை நாடகங்களில் வீட்டுக் காட்சிகள் ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

ஆதாரத்துக்கு வயதும் உண்டு. தொடர் சொல்வது முதல் அலையின் மாதங்களை. படப்பிடிப்பு 2021இல் தொடங்கிவிட்டது. ஊரடங்குக் காலத்தில் டவுனிங் தெருவில் நடந்த விருந்துகள் பற்றிய முதல் செய்தி 2021 நவம்பர் 30இல்தான் வந்தது. 2020 மே 20 மாலை தோட்டத்தில் கூடுவோம், குடிப்பதை நீங்களே கொண்டுவாருங்கள் என்று சுமார் 100 பேருக்குப் போன மின்னஞ்சல் அதற்கும் பின்னரே தெரியவந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஹீத்தர் ஹாலெட் தலைமையிலான பொது விசாரணையில் அரசின் மைய முடிவுகள் பற்றிய சாட்சியங்கள் 2023 இலையுதிர் காலத்தில் கேட்கப்பட்டன. தலைமை அறிவியல் ஆலோசகர் பேட்ரிக் வாலன்ஸ் இரவுதோறும் எழுதிய குறிப்புகள், அமைச்சர்களின் வாட்ஸ்அப் செய்திகள், பெண்களின் பேச்சு அந்த அறைகளில் எடுபடவில்லை என்று துணை அமைச்சரவைச் செயலாளராக இருந்த ஹெலன் மக்நமாரா சொன்ன சாட்சியம் எல்லாம் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தன. ஓராண்டு முந்திய நாடகத்துக்கு இவை எதுவும் கிடைக்கவில்லை. அவசரப்பட்டார்கள் என்பதைவிட, கைவசம் இருந்த பத்திரிகைச் செய்திகளையும் ஒரு ஆலோசகரின் சாட்சியத்தையும் வைத்துக் கட்டினார்கள் என்று சொல்வதே நியாயம். அதன் எடை எங்கே சாய்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஊரடங்கின்போது கம்மிங்ஸ் போன கார்ப் பயணம் எல்லாக் கதைகளிலும் பெரிய இடம் பிடிப்பதற்கும் காரணம் எளிது. லண்டனிலிருந்து டரம் வரை சுமார் 260 மைல், ஏப்ரல் 12இல் பார்னார்ட் காசில் என்ற கோட்டை ஊர், கண் பார்வையைச் சோதிக்கப் போனேன் என்ற விளக்கம், மே 25இல் ரோஜாத் தோட்டத்தில் மேசை போட்டுப் பேட்டி. சாலை, கார், கோட்டை, தோட்டம் என எல்லாமே படமெடுக்கத் தோதானவை. மக்களின் கோபமும் நியாயமானது. ஆனால் உயிர்ச்சேதக் கணக்கில் அந்தப் பயணத்தைவிடப் பல மடங்கு கனமான ஒரு கடிதம், படமெடுக்கத் தோதில்லாததால் சில நிமிடங்களில் கடந்துபோய்விடுகிறது.

மார்ச் 17 கடிதம்

அந்தக் கடிதம் இங்கிலாந்தின் தேசிய மருத்துவச் சேவைத் தலைமையிடமிருந்து எல்லா மருத்துவமனைகளுக்கும் போனது. 30,000 படுக்கைகளை விடுவிக்க வேண்டும். மருத்துவக் காரணம் இல்லாமல் தங்கியிருப்பவர்களை உடனே அனுப்ப வேண்டும். இத்தாலியின் லொம்பார்டி மருத்துவமனைகள் நிரம்பி வழிந்ததை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த நாள்கள் அவை. படுக்கை வேண்டும் என்ற எண்ணம் தவறல்ல. போனவர்களில் பெரும்பகுதி முதியவர்கள். மார்ச் 17க்கும் ஏப்ரல் 15க்கும் இடையே சுமார் 25,000 பேர் மருத்துவமனையிலிருந்து பராமரிப்பு இல்லங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அவர்கள் எல்லோருக்கும் பரிசோதனை செய்ய வசதி இல்லை. வெளியே பொதுமக்களுக்கான பரிசோதனையையே மார்ச் 12இல் நிறுத்தியிருந்தார்கள். ஏப்ரல் 2ஆம் தேதி வழிகாட்டுதல், இல்லங்களில் சேர்க்கும் முன் தொற்று இல்லை என்ற சான்று தேவையில்லை என்று எழுத்திலேயே சொன்னது. ஏப்ரல் 15இல்தான் அது மாறியது.

பிப்ரவரி 18 குறிப்பின் 'வாரத்துக்கு 5' நினைவிருக்கிறதா? பரிசோதனை வசதி இல்லாததால் தேடுவதை நிறுத்தினார்கள். தேடாததால் யாருக்கு இருக்கிறது என்று தெரியவில்லை. தெரியாமலே அனுப்பினார்கள். அறிகுறி இல்லாதவரும் பரப்புவார் என்ற எச்சரிக்கையைக் கணக்கில் எடுக்காமல் அந்த வெளியேற்றக் கொள்கையை வகுத்தது சட்டத்துக்குப் புறம்பானது என்று 2022 ஏப்ரல் 27இல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொற்று அந்த ஒரு வாசல் வழியாக மட்டும் நுழையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குறைந்த கூலிக்கு இரண்டு மூன்று இல்லங்களில் மாறி மாறி வேலை செய்த பணியாளர்கள் மூலமும் அது நுழைந்தது. நோய் விடுப்பு எடுத்தால் சம்பளம் போய்விடும் என்ற நிலையில் இருந்தவர்கள் அவர்கள்.

'ஹெல்ப்' இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுவதில்லை. ஜாக் தோர்ன் எழுதி, மார்க் மண்டன் இயக்கிய அந்த நாடகத்தில் லிவர்பூல் இல்லம் ஒன்றில் ஜோடி காமர் நடித்த இளம் பணியாளர் இரவு வேலையில் தனியாக மாட்டிக்கொள்கிறார். முதியவர் ஒருவர் மூச்சு விடத் திணறுகிறார். அவசர உதவி எண்ணுக்கு அழைத்தால் காத்திருக்கச் சொல்கிறார்கள். ஆம்புலன்ஸ் வரவில்லை. இந்தப் பகுதி ஏறத்தாழ 26 நிமிடம் வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாக ஓடுகிறது. வெட்டு இல்லாததால் பார்ப்பவருக்கும் தப்பிக்க வழியில்லை. மேலிடம் ஒன்று இருக்கிறது, அது பதில் சொல்லவில்லை என்பது தொலைபேசியின் காத்திருப்பு ஓசையிலேயே விளங்கிவிடுகிறது. பிரதமர் தேவைப்படாத அந்தக் காட்சியில் அரசு முழுமையாக இருக்கிறது.

'பிரெத்டேக்கிங்' வேறொரு தாளைப் பிடித்துக்கொள்கிறது. மருத்துவர் ரேச்சல் கிளார்க் எழுதிய நூலிலிருந்து அவரும் ஜெட் மெர்க்கூரியோவும் பிரசன்னா புவனராஜாவும் சேர்ந்து எழுதினார்கள். மூவருமே மருத்துவம் படித்துப் பணியாற்றியவர்கள். புவனராஜா இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். வார்டின் மொழி தவறாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். 2020 மார்ச் 19இல் கொரோனா, மிகக் கடுமையான தொற்றுநோய்களுக்கான பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. நிர்வாக வகைப்பாடுதான், ஆனால் அந்தப் பட்டியலில் இருக்கும் நோய்க்கு முழுக் கவச உடை கட்டாயம். நீக்கிய பின், மூச்சுக்குழாய் பொருத்துவது போன்ற, காற்றில் துளி தெறிக்கும் சிகிச்சைகளுக்கு மட்டும் எஃப்.எஃப்.பி.3 என்ற உயர்தர முகக்கவசம், மற்ற வேலைக்குச் சாதாரண அறுவை முகக்கவசமும் பிளாஸ்டிக் மேலாடையும் போதும் என்று வழிகாட்டுதல் வந்தது. ஆகவே தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவருக்கு நல்ல கவசம். நோயாளி முகத்துக்கு நேரே இருமும் பொது வார்டில் இருப்பவருக்கு மெல்லிய துணி. ஜோன் ஃபிரோகட் நடித்த மருத்துவர் இந்த வேறுபாட்டோடு மோதுகிறார். நடுநடுவே அமைச்சர்களின் உண்மையான செய்திப் படங்கள் வருகின்றன. நடிகரை வைத்து அமைச்சராக்கும் வேலையே இல்லை, ஆதலால் ஒப்பனை முகத்தின் ஈர்ப்பும் இல்லை, அவதூறுச் சிக்கலும் குறைவு. அதைப் புத்திசாலித்தனமான தீர்வு என்பேன். பிரிட்டனில் கொரோனாவில் இறந்ததாக முதலில் பெயர் வெளியான 10 மருத்துவர்களும் சிறுபான்மை இனப் பின்னணியினர் என்பதை மருத்துவச் சங்கத் தலைவர் அப்போதே சுட்டிக்காட்டினார். அந்த வார்டுகளில் நின்றவர்கள் யார் என்று நமக்கும் தெரியும்.

கவச உடைத் தட்டுப்பாட்டுக்குள் இன்னொரு காட்சி ஒளிந்திருக்கிறது. துருக்கியிலிருந்து 84 டன் பொருள்கள், அவற்றில் 4 லட்சம் மேலங்கிகள், மறுநாளே வந்துவிடும் என்று ஏப்ரல் 18இல் அமைச்சர் ஒருவர் அறிவித்தார். முதல் விமானம் 22ஆம் தேதிதான் இறங்கியது. வந்த மேலங்கிகளில் பல தரச் சோதனையில் தேறவில்லை. லண்டன் எக்ஸல் அரங்கில் ஒன்பதே நாளில் எழுப்பி ஏப்ரல் 3இல் திறந்த நைட்டிங்கேல் மருத்துவமனையும் அப்படித்தான். 4,000 படுக்கை வரை விரியும் என்றார்கள். கேமராவுக்கு அருமையான வரிசை. தட்டுப்பாடு படுக்கைக்கு அல்ல, தீவிர சிகிச்சை செவிலியருக்கு. வழக்கமாக ஒரு நோயாளிக்கு ஒருவர் என்றிருந்ததை, உதவியாளர்களைச் சேர்த்துக்கொண்டு 6 பேருக்கு ஒருவர் வரை இழுக்கலாம் என்று விதியைத் தளர்த்தியிருந்தார்கள். முதல் அலையில் அந்தப் பெரிய அரங்கம் சில டஜன் நோயாளிகளையே கண்டது. படுக்கை வரிசையைக் காட்டும் இயக்குநர், அந்த வரிசையில் எத்தனை செவிலியர் நிற்கிறார்கள் என்பதையும் சட்டகத்துக்குள் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் அரசு விளம்பரப் படத்தை மறுபடி எடுத்ததாகிவிடும்.

பின்னணியில் ஓடும் எண்கள்

இந்த நாடகங்களில் மூலையில் ஒரு தொலைக்காட்சி ஓடும், செய்தி வாசிப்பவர் அன்றைய எண்ணைச் சொல்வார். அந்த எண்ணைக் கவனமாகக் கேட்க வேண்டும். மே 1இல் ஹான்காக், ஏப்ரல் முடிவுக்குள் நாளுக்கு 1 லட்சம் பரிசோதனை என்ற இலக்கைத் தாண்டி 1,22,347 செய்துவிட்டதாக அறிவித்தார். அதில் சுமார் 40,000, வீடுகளுக்கும் மையங்களுக்கும் தபாலில் அனுப்பிய பெட்டிகள். மாதிரி எடுத்து ஆய்வகத்துக்குத் திரும்பி வந்தவை அல்ல. இலக்கு என்று ஒன்றை மேடையில் சொல்லிவிட்டால், துறை முழுவதும் நோயைவிட இலக்கைத் துரத்தத் தொடங்கும் என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும்.

ஊரடங்கை ஒரு வாரம் முன்பே, மார்ச் 16 வாக்கில் அறிவித்திருந்தால், முதல் அலையில் இங்கிலாந்தில் மட்டும் சுமார் 23,000 பேர் குறைவாக இறந்திருப்பார்கள் என்று மாதிரிக் கணக்குகளை வைத்து ஹாலெட் விசாரணையின் அறிக்கை 2025 நவம்பரில் சொன்னது. அந்த அலையின் இறப்புகளில் ஏறத்தாழ பாதி. பிப்ரவரியை வீணான மாதம் என்றது. இனி எழுதப்போகும் நாடகத்துக்கு அந்த ஏழு நாள்தான் மையம்: மார்ச் 16 திங்கள் முதல் 23 திங்கள் வரை. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மாதிரிக் கணக்கு 16ஆம் தேதி வெளியாகிறது. எதுவும் செய்யாவிட்டால் 5,10,000 பேர், ஓரளவு தணித்தால் 2,50,000 பேர் இறக்கலாம் என்று அது சொல்கிறது. அன்று மாலை தேவையற்ற தொடர்பைத் தவிர்க்குமாறு மக்களைக் கேட்டுக்கொள்கிறார்கள், உத்தரவு இல்லை. 20ஆம் தேதி மதுக்கடைகளும் பள்ளிகளும் மூடுகின்றன. ஊதியத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்டு வரம்புக்குள், அரசு தருவதாகச் சுனக் அறிவிக்கிறார். இடையில் உள்ள மூன்று நாள்களில் மருத்துவமனைக் கடிதமும், கவசப் பட்டியல் மாற்றமும். ஒரு நாளுக்கு ஓர் எபிசோடு என்று எழுதினாலும் தாங்கும்.

ஏப்ரல் கடைசி வரை ஒவ்வொரு மாலையும் மேடையில் வாசித்த இறப்பு எண்ணில் ஒரு குறை இருந்தது. இங்கிலாந்தைப் பொறுத்தவரை அது மருத்துவமனையில், பரிசோதனையில் உறுதியாகி இறந்தவர்களின் எண்ணிக்கை. பராமரிப்பு இல்லத்தில் இறந்தவர் அதில் இல்லை. வீட்டில் இறந்தவரும் இல்லை. ஏப்ரல் 29இல்தான் உறுதியான எல்லா இறப்புகளையும், எங்கே நடந்திருந்தாலும், சேர்த்து வெளியிடத் தொடங்கினார்கள். ஒரே மாலையில் பட்டியலில் 3,811 பேர் கூடினார்கள். மொத்தம் 26,097 ஆனது. அந்த 3,811 பேர் அன்று இறந்தவர்கள் அல்ல. வாரக்கணக்கில் இறந்துகொண்டிருந்து, எண்ணப்படாமல் இருந்தவர்கள்.

அன்று காலையில் லண்டன் மருத்துவமனை ஒன்றில் பிரதமருக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஒரே தேதியில் இரண்டு காட்சிகள். எபிசோடு எதில் தொடங்குகிறது என்று பாருங்கள்.